பாம்பு, தேள், சிறுத்தை, எலி: ஊரோர வீடுகளுக்கான கேள்வி பதில்

பெங்களூரு விரிய விரிய, ஆனேக்கல், கனகபுரா, ஹொசகோட்டை, தொட்டபள்ளாபுரம் பக்கங்களில் நிலம் வாங்கி வீடு கட்டிக் குடிபோன தமிழ்க் குடும்பங்களும் பெருகிவிட்டன. ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் புதிதாக வாழத் தொடங்கியவர்களின் அச்சங்களே இந்த மாதத் தபாலில் மிகுதியாக இருந்தன. ஒரே பொருளைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாக்கிச் சுருக்கித் தந்திருக்கிறோம். கடி, கொட்டு பற்றிய பதில்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் உரியவை; அதற்குப் பிறகு மருத்துவர் சொல்வதே முடிவு.

கேள்வி: கனகபுரா சாலையில் ஹாரோஹள்ளியைத் தாண்டி ஒரு ஏக்கரில் வீடு கட்டியிருக்கிறோம். பாம்பு வராது என்று ஊரிலிருந்து மாமியார் கொண்டுவந்த சிறியாநங்கையை வாசலைச் சுற்றி நட்டோம்; நிலைப்படியில் ஆகாசகருடன் கிழங்கைக் கட்டினோம்; பூண்டுச் சாறு தெளித்து, அந்துருண்டையும் போட்டோம். மழை தொடங்கியதிலிருந்து அடுத்தடுத்துப் பாம்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒன்று கண்ணாடி விரியன். வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?
— எஸ். கே., ஹாரோஹள்ளி

பதில்: சிறியாநங்கையும் ஆகாசகருடனும் நம் வீடுகளில் தலைமுறைகளாக நம்பி வளர்க்கப்படுபவை. உங்கள் மாமியார் பேரக்குழந்தை மீதுள்ள அக்கறையால்தான் அவற்றைச் சுமந்து வந்திருப்பார். ஆனால் இவற்றின் வாடைக்குப் பாம்பு விலகிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பூண்டு, ஃபினாயில், கார்பாலிக் அமிலம், அந்துருண்டை ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். அந்துருண்டையை உடனே எடுத்து அப்புறப்படுத்துங்கள். தவழும் குழந்தை அதை வாயில் போட்டுக்கொண்டால் ஏற்படும் கேடு மிகப் பெரியது. செடிகள் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் செடி நட்டாயிற்று என்ற நிம்மதியில் சுவரோரத்து விறகு அடுக்கு அதே இடத்தில் கிடந்தால், அதுதான் ஆபத்து.

பாம்பு மனிதரைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகிறது. பகலில் ஒடுங்கிக் கிடக்க ஈரமான இருட்டு மூலையைத் தேடுகிறது. ஒரு நாள் மாலை பொழுது சாயும் நேரத்தில் டார்ச்சுடன் வீட்டை ஒரு சுற்று நிதானமாகச் சுற்றி வாருங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய ஹாலோ பிளாக் கற்கள் பின்சுவரை ஒட்டி அடுக்கியபடியே இருக்கும். அவற்றின் துளைகளே பாம்புக்கும் தேளுக்கும் ஆயத்தமான வளைகள். தேங்காய் மட்டைக் குவியல், மடித்துப் போட்ட தார்ப்பாய், தண்ணீர்த் தொட்டியின் கசிவால் எப்போதும் நனைந்திருக்கும் மண், நாய் தின்று மீதம் விட்ட சோறு, கோழித்தீவனம் சிந்திய இடம் ஆகிய ஒவ்வொன்றும் எலியையோ தவளையையோ வரவழைக்கிறது. அவற்றின் பின்னால் பாம்பு வருகிறது. வாசலுக்கு நேர் மேலே இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்கும் அப்படித்தான். அதைச் சுற்றும் பூச்சிகளுக்காகத் தவளை வரும், தவளைக்காகப் பாம்பு வரும். விளக்கை வாசலிலிருந்து சில அடி தள்ளிக் கம்பத்தில் மாட்டி, வெளிச்சம் மட்டும் வாசலில் விழும்படி திருப்பிவிடுங்கள்.

விறகையும் கற்களையும் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்திய மேடையில் அடுக்குங்கள். கதவுக்கும் தரைக்கும் இடையே சுண்டுவிரல் நுழையுமளவு இடைவெளி இருந்தாலே குட்டிப் பாம்புக்குப் போதும். ரப்பர் பட்டை அடித்து அதை அடையுங்கள். கழிவுநீர்க் குழாயின் வெளிமுனைக்கு 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள கம்பிவலை போடுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள்.

கண்ணாடி விரியனைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். காய்ந்த சருகின் நிறத்தில், முதுகில் மூன்று வரிசையாக முட்டை வடிவப் புள்ளிகளுடன் இருக்கும் இந்தப் பாம்பு, காலடி ஓசை கேட்டு ஓடுவதைவிட அசையாமல் கிடப்பதையே பெரும்பாலும் செய்கிறது. மிக அருகே போனால் பிரஷர் குக்கர் ஆவி விடுவதுபோல் சீறும். ஆனால் அதை எதிர்பார்த்து நடக்கக் கூடாது. சருகிலும் புல்லிலும் அது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் மிதித்துக் கடிபடுவது மிகுதியாக இருக்கிறது. தோட்டத்தில் இறங்கும்போது கணுக்கால் மறையும் பூட்ஸ் அணிவது, சருகைக் கையால் அள்ளாமல் வாரியால் கூட்டுவது, இருட்டிவிட்டால் கழிப்பறைக்குப் போவதானாலும் டார்ச் இல்லாமல் இறங்காதிருப்பது ஆகிய பழக்கங்கள் வேறெந்தத் தடுப்பையும்விடப் பயன்தரும். மழைக்காலத் தொடக்கத்தில் குட்டிகளும் ஏராளமாக நடமாடும். அவற்றுக்கும் பிறந்த அன்றே நஞ்சு உண்டு.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டு, ஒருவர் மட்டும் தொலைவில் நின்று அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். மற்றவர் வனத்துறையின் 1926 எண்ணை அழைக்கட்டும். தடியெடுத்து அடிக்கப் போகிறவர்களில் பலர் கடிபடுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றமும்கூட. நீளமாக, வேகமாக ஓடும் சாரைப்பாம்பு நஞ்சற்றது. எலியைத் தின்று உங்களுக்கு உதவுவது. தோட்டத்தின் கோடியில் அதைக் கண்டால் அதன் வழியில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆனேக்கல் அருகே ராகி வயலில் உள்ள எங்கள் சிறு வீட்டில் பாயில் படுத்திருந்த மாமனார், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தார். அஜீரணம் என நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம். சற்று நேரத்தில் இமைகள் சரிந்தன, பேச்சுக் குழறியது. மருத்துவமனையில் கட்டுவிரியன் கடி என்றார்கள். செயற்கை சுவாசத்தில் சில நாட்கள் இருந்து பிழைத்துவிட்டார். உடம்பில் காயமே தெரியவில்லையே, எப்படி? அக்கம்பக்கத்தார், கயிறு கட்டியிருக்க வேண்டும் என்றும், முதலில் பச்சிலை கொடுப்பவரிடம் போயிருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.
— ம. ர., ஆனேக்கல்

பதில்: உங்கள் மாமனார் பிழைத்தது பெரும் ஆறுதல். நேராக மருத்துவமனைக்கு அழைத்துப்போன உங்கள் முடிவுதான் அவரைக் காப்பாற்றியது. அக்கம்பக்கத்தார் சொல்வதை நினைத்து வருந்த வேண்டாம்.

கட்டுவிரியன் முழுக்க இரவில் திரியும் பாம்பு. பளபளக்கும் கருநீல உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும். தலையை ஒட்டிய பகுதியில் அவை பெரும்பாலும் மங்கியோ இல்லாமலோ இருக்கும். அதன் பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடத்தில் வீக்கமோ எரிச்சலோ ஏறக்குறைய இருப்பதில்லை. தூங்குகிறவர் கொசு கடித்ததாக நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார். அதன் நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது. ஆகவேதான் சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, பிறகு இமைச்சரிவு, விழுங்க முடியாமை, இறுதியாக மூச்சுத் தசைகள் செயலிழத்தல் என்று படிப்படியாக வருகிறது. தரையில் படுத்த ஒருவர் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு விடியலில் எழுந்து, கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டால், காயம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிராமல் பாம்புக்கடி என்றே எண்ணிக் கிளம்புங்கள்.

இனி வராமல் தடுக்க இரண்டே இரண்டு காரியங்கள் போதும்: கட்டிலும் கொசுவலையும். கட்டில் வாங்க இயலாவிட்டால் கொசுவலை ஒன்றேனும் அவசியம். அதன் ஓரங்களைப் பாயின் அடியில் எல்லாப் பக்கமும் நன்றாகச் செருக வேண்டும். வெறுமனே தொங்கவிட்ட வலையால் பயனில்லை. நேபாளத்தின் தராய்ப் பகுதிக் கிராமங்களில் செய்த ஆய்வில் கொசுவலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் காவல் படுப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கயிறு கட்டுவதைப் பற்றி: கட்டவே கூடாது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகும். அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒருசேர உடலில் பாயும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாமே கேடு. மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் போன்றவற்றை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் பலகை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, அவரை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108 வர நேரமாகும் என்றால் இருசக்கர வண்டியில் ஓட்டுபவருக்கும் பின்னால் ஒருவருக்கும் நடுவே உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம். வழியிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி விஷமுறிவு மருந்து இருக்கிறதா, செயற்கை சுவாசக் கருவி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. அது தயாராவதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகத் தந்துவருவது, 1978இல் தொடங்கப்பட்ட, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்த மக்களின் கைத்திறனுக்கு நாடு பட்டிருக்கும் கடன் போதுமான அளவு பேசப்படவில்லை.

பச்சிலை கொடுப்பவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் உண்டே என்பார்கள். உண்டுதான். கடித்தது நஞ்சில்லாப் பாம்பாக இருந்திருக்கும்; நச்சுப் பாம்பேயானாலும் நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதும் உண்டு. அப்படிப்பட்ட கடியில் எதைக் கொடுத்தாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். உண்மையாகவே நஞ்சேறியவருக்கு அங்கே கழிகிற ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில் வீட்டிலேயே இறந்தவர்கள். கர்நாடக அரசு 2024இல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது; எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்பது அதனால் தெரியவரும்.

கேள்வி: பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய எங்கள் லேஅவுட்டில் சிறுத்தை நடமாடுவது சிசிடிவியில் பதிவாகிவிட்டது. பக்கத்து வீட்டு நாயைக் கொண்டுபோய்விட்டது. கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைதூரக் காட்டில் விட வேண்டுமென்று எல்லாரும் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் போடலாமா?
— வி. எல்., பன்னேர்கட்டா சாலை

பதில்: போடாமலிருப்பது உங்கள் குழந்தைகளுக்கு நல்லது என்பது எங்கள் கருத்து. காரணத்தைச் சொல்கிறோம். சிறுத்தை தன் எல்லையை நன்கறிந்து வாழும் விலங்கு. அதைப் பிடித்து அறியாத இடத்தில் விட்டால் பழைய இடத்தை நோக்கித் திரும்பி நடக்கும். வழியில் தெரியாத ஊர்களுக்குள் மிரண்டு புகும். அது விட்டுச்சென்ற இடத்துக்கோ வேறொரு சிறுத்தை வந்து சேரும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து இடம்மாற்றியபோது, மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரி 4 என்பதிலிருந்து 17 ஆக உயர்ந்ததை வித்யா ஆத்ரேயாவும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வெறுமனே கண்ணில் பட்டது என்பதற்காகச் சிறுத்தையைப் பிடிக்க வேண்டாம் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் உள்ள சிறுத்தைகள் ஏறத்தாழ 1,879. அவற்றில் பல கரும்புத் தோட்டங்களிலும் பாறைக் குன்றுகளிலும் நம் கண்ணில் படாமலே வாழ்கின்றன.

உங்கள் லேஅவுட்டின் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று முதலில் பாருங்கள். காலி மனையில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டினால் தெருநாய் பெருகும். தெருநாய் பெருகினால் சிறுத்தை தினமும் வரும். கையெழுத்து இயக்கம் நடத்துகிறவர்கள் அந்தக் கழிவை நிறுத்தச் சொல்லி நடத்தினால் விரைவில் பலன் தெரியும். வளர்ப்பு நாயை இரவில் சங்கிலியில் கட்டாமல் வீட்டுக்குள்ளேயோ, மேற்புறமும் வலையடித்த கூண்டிலோ வையுங்கள். ஆடு, கோழிக் கொட்டிலுக்கும் கூரை வேண்டும். ஆறடிச் சுவரைச் சிறுத்தை சிரமமில்லாமல் தாண்டும். பொழுது சாய்ந்தபின் பிள்ளைகள் தனியே வெளியே விளையாடுவதை நிறுத்துங்கள். இருட்டில் நடக்க நேர்ந்தால் இருவராக, பேசிக்கொண்டோ செல்பேசியில் பாட்டு வைத்துக்கொண்டோ நடங்கள். எதிரே பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். நிமிர்ந்து நின்று, சத்தமாகக் குரல் கொடுத்தபடி மெல்லப் பின்வாங்கி, அது விலக வழிவிடுங்கள்.

வீட்டுக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ புகுந்து சிக்கிக்கொண்டால் மட்டும் நிலைமை வேறு. வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டு 1926ஐ அழைத்து, கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2016 பிப்ரவரியில் பெங்களூருப் பள்ளி ஒன்றில் சிறுத்தை நுழைந்தபோது, அதைப் பிடிக்க முயன்றவர்களிலேயே சிலர் காயமடைந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலை என்றால், செல்பேசியை நீட்டிக்கொண்டு நிற்பவர்களின் கதியை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: தங்கவயலில் பழைய சுரங்கக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறோம். சுவரெல்லாம் விரிசல். தேள் அடிக்கடி வருகிறது. கருந்தேள்தான் கொடியது என்று பாட்டி சொல்கிறார். சரியா?
— தே. ஜெ., கோலார் தங்கவயல்

பதில்: பார்வைக்குப் பெரிதாய் அச்சமூட்டும் கருந்தேள் கொட்டினால் வலி கடுமையாக இருக்குமே தவிர, உயிருக்கு ஆபத்து அரிது. அஞ்ச வேண்டியது சிறியதாய், செம்பழுப்பு நிறத்தில் மெலிந்த கொடுக்குகளோடு இருக்கும் செந்தேளுக்குத்தான். அது குழந்தையைக் கொட்டிவிட்டு, குழந்தைக்கு உடலெல்லாம் வியர்த்து, வாந்தியெடுத்து, கையும் காலும் சில்லிட்டுப் போனால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படும் அறிகுறிகள் அவை. மகாராஷ்டிரத்தின் மஹாடில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராசோசின் என்ற மலிவான மாத்திரை செந்தேள் கொட்டுக்கு நன்கு வேலை செய்வதை 1980களில் காட்டினார். அதன் பிறகு இறப்பு பெருமளவு குறைந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மாத்திரை மருத்துவர் கையால் கொடுக்கப்பட வேண்டியது. வீட்டில் வாங்கி வைத்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் சுவர் விரிசல்களிலும் கூரை விளிம்பிலும் அடித்துப் பாருங்கள். தேளின் ஓடு பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் மின்னும். பகலில் எவ்வளவு தேடினாலும் தெரியாத தேள் அப்போது துல்லியமாகத் தெரியும். எந்த விரிசலிலிருந்து வருகிறது என்று அறிந்து சிமெண்டால் பூசுங்கள். செருப்பையும், சுவரில் மாட்டிய சட்டையையும், பள்ளிக்கூடப் பையையும் உதறிவிட்டு எடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

கேள்வி: பெருச்சாளித் தொல்லை தாங்கவில்லை. கடையில் எலி பேஸ்ட், கறுப்புப் பொடி, கேக் என்று பலவிதமாகத் தருகிறார்கள். இரண்டு வயதுப் பேரன் வீட்டில் இருக்கிறான். எது பாதுகாப்பு?
— பா. சு., ஹொசகோட்டை

பதில்: பேரன் இருக்கும் வீட்டில் எதுவுமே பாதுகாப்பில்லை. பேஸ்ட் வடிவில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் மிகக் கொடியது. உட்கொண்டவர் முதல் ஓரிரு நாட்கள் நலமாகவே தோன்றுவார்; பிறகு கல்லீரல் செயலிழக்கும்; அதற்கு மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அதைத் தடை செய்திருக்கிறார்கள். கறுப்புப் பொடியான ஜிங்க் பாஸ்பைடு வயிற்றின் அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகும். கேக் வகை மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அதைத் தின்று சோர்ந்த எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் செத்துவிடும். ஒரு கூகைக் குடும்பம் இரவில் பிடிக்கும் எலிகளை உங்களால் எந்த மருந்து வைத்தும் பிடிக்க முடியாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியால் இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். மூடிய அறையில் எந்த மருந்தையும் வைக்க நீங்கள் அனுமதிக்காதீர்கள்.

பொறி வையுங்கள், தேங்காய்ச் சில்லையோ கருவாட்டையோ இரையாகக் கட்டி, சுவரோரமாக, எலி ஓடும் தடத்தில் வையுங்கள். அரிசி, ராகி, கோழித்தீவனம் ஆகியவற்றைத் தகர டின்னில் மூடி வையுங்கள். பெருச்சாளி வளையை நீர் ஊற்றிக் கலைத்து, கல்லும் சிமெண்டும் கலந்து அடையுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் புண்ணுள்ள காலோடு நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் மருத்துவரிடம் வயல்வேலையைப் பற்றியும் சொல்லுங்கள்.

கேள்வி: ராகிக் கதிரைக் காட்டுப்பன்றி நாசம் செய்கிறது. இரவில் மட்டும் வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கலாம் என்கிறார்கள்.
— க. மு., கனகபுரா

பதில்: எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். விற்பனைக்குள்ள சோலார் வேலி, நொடிக்கு ஒரு முறை கண்ணிமைக்கும் நேரம் மட்டும் அதிர்வு தந்து விடுவது; தொட்ட விலங்கு துள்ளி விலகும். நேரடி மின்சாரமோ தொட்டதைப் பிடித்துக்கொள்ளும். பன்னேர்கட்டாவிலிருந்து ராகிக்காக வரும் யானையும், விடியலில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் பக்கத்து நிலத்துக்காரரும் அதில் மாட்டுவார்கள். அப்படி நேர்ந்தால் மின்திருட்டு, வனவிலங்குக் கொலை, மனித மரணம் என்று வழக்குகள் உங்கள் மீதே வரும். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். சேதத்தைப் படமெடுத்து, தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: தென்னை மரத்தில் கதண்டுக் கூடு பெரிதாகிவிட்டது. தீப்பந்தம் காட்டிக் கொளுத்தலாமா?
— நா. ச., தொட்டபள்ளாபுரம்

பதில்: வேண்டாம். மரமும் பற்றும், கலைந்த கதண்டுகள் தெருவில் போவோரையெல்லாம் கொட்டும். தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள். அதுவரை அந்த மரத்தடியில் யாரும் போகாதபடி கயிறு கட்டுங்கள், அந்தப் பக்கம் டிராக்டரோ புல்வெட்டும் இயந்திரமோ ஓட்ட வேண்டாம். ஒரே ஒரு கொட்டு பட்டிருந்தாலும் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல கொட்டுகள் பட்டவர் அப்போதைக்கு நலமாகத் தெரிந்தாலும், சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும் என்பதால் அவரையும் அழைத்துப் போங்கள். சிறுநீர் குறைகிறதா, நிறம் மாறுகிறதா என்று அடுத்த சில நாட்களுக்குக் கவனியுங்கள்.